கண் முன்னே ஒரு கரும்புள்ளி: பயந்து உட்கார வேண்டாம், போய்க் காட்டுங்கள்!



"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். இந்தப் பழமொழி தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. ஆனாலும் கண்ணில் ஏதோ கோளாறு என்று தெரிந்த பிறகும், இன்றைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்துகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற நேரம். வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறீர்கள். கண் முன்னே ஒரு கரும்புள்ளி. கொசு என்று நினைத்துக் கையால் ஓட்டுகிறீர்கள். அது போகவில்லை. கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே வருகிறது. முகம் கழுவிப் பார்க்கிறீர்கள், கண்ணைக் கசக்கிப் பார்க்கிறீர்கள். அப்போதும் அது இருக்கிறது.

இந்த இடத்தில் நம் ஆட்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். ஒருவர் "ஒண்ணுமில்ல, வயசானா அப்படித்தான், தானா போயிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். இன்னொருவர் யாரிடமும் சொல்லாமல், "கண்ணு போயிடுமோ? கண்ணு போனா யாரு மரம் வெட்டுறது, யாரு பிள்ளைகளைப் பார்க்கிறது?" என்று இரவெல்லாம் தூங்காமல் புரளுகிறார். முதல் ஆளுக்கு அலட்சியம், இரண்டாம் ஆளுக்குப் பயம். இரண்டு பேரும் செய்கிற தவறு மட்டும் ஒன்றேதான். கண்ணை யாரிடமும் காட்டவில்லை.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். கண்ணில் தெரிகிற புள்ளிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. ஆனால் எது ஆபத்தில்லாதது என்று நாமே வீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு எழுத முடியாது. புதிதாக வந்த புள்ளியை அன்றைக்கே காட்டிவிட வேண்டும். அதற்கு நமது பயமும் தடையாக இருக்கக் கூடாது, ஒரு நாள் சம்பளமும் தடையாக இருக்கக் கூடாது, தோட்ட நிர்வாகமும் தடையாக இருக்கக் கூடாது.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படம் காட்டுகிற இயந்திரத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு விட்டில் பூச்சி பறந்தால், அதன் நிழல் துணியில் பெரிதாக விழும். எம்.ஜி.ஆர். முகத்தில் கரும்புள்ளி ஓடும். துணியில் ஒன்றுமில்லை, இயந்திரத்திலும் ஒன்றுமில்லை. நடுவில் இருப்பதன் நிழல்தான் அது.

நமது கண்ணும் அப்படித்தான். முன்பக்கம் வெளிச்சம் உள்ளே வருகிறது. பின்பக்கம் விழித்திரை என்ற மெல்லிய திரை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, இளநீரின் வழுக்கையைப் போலக் குழகுழப்பான ஒரு பொருள் நிறைந்திருக்கிறது. வயது ஏற ஏற இந்த வழுக்கை சுருங்கி, தண்ணீர் விட்டு, அங்கங்கே திரிதிரியாகக் கட்டிக்கொள்கிறது. அந்தத் திரிகளின் நிழல்தான் புள்ளியாக, நூலாக, சிலந்திக் காலாக நமக்குத் தெரிகிறது. மருத்துவர்கள் இவற்றை மிதவைகள் என்கிறார்கள். 'பறக்கும் ஈக்கள்' என்று பொருள்படும் ஒரு லத்தீன் பெயரும் இவற்றுக்கு உண்டு. ஐரோப்பிய மருத்துவர்களும் பழங்காலத்திலேயே இதை ஈ என்றுதான் நினைத்திருக்கிறார்கள் போலும்!

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இது அதிகமாக வரும். ஆண்டுக்கணக்கில் ஒன்றிரண்டு புள்ளிகள் அப்படியே இருந்து, கூடாமல் குறையாமல், கண் அசைந்தால் தானும் அசைந்து மிதந்துகொண்டிருந்தால் அதைப் பற்றி உறக்கம் கெடத் தேவையில்லை. ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டி, "ஒன்றுமில்லை" என்று அவர் வாயால் கேட்டுவிட்டால் போதும். மனம் நாளடைவில் அதைக் கவனிப்பதையே விட்டுவிடும்.

எந்தப் புள்ளிக்கு அவசரம்?

ஆனால் எல்லாப் புள்ளியும் ஒரே ஜாதி அல்ல. கீழே சொல்வதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், படிக்காத தாத்தா பாட்டிகளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டுகிறோம்.

முதலாவது, திடீரென்று கூட்டமாக வரும் புள்ளிகள். மிளகுத் தூளை வீசியது போல, புகைக்கரி உதிர்ந்தது போல ஒரே நாளில் வருபவை. கூடவே கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல் வெட்டும். இருட்டில் இது நன்றாகத் தெரியும். தலைவிளக்கோடு விடியுமுன் மரம் வெட்டப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வானத்தில் மழையில்லை, இடியில்லை, ஆனால் கண் ஓரத்தில் மின்னல் என்றால், உள்ளே அந்த வழுக்கை விழித்திரையைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள். இப்படிப் புதிதாகப் புள்ளியோ மின்னலோ வந்து மருத்துவரிடம் போகிறவர்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு விழித்திரையில் கிழிசல் இருக்கிறது என்பது கண் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆறு பேருக்கு ஒன்றுமில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏழாவது ஆள் யார் என்பது உள்ளே விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும். இதை அன்றைக்கே காட்ட வேண்டும்.

இரண்டாவது, திரை விழுவது. மேலிருந்தோ, பக்கத்திலிருந்தோ கறுப்புத் துணி இறங்குவது போல நிழல் வந்து பார்வையை மறைக்கிறது. கிழிசல் வழியாகத் தண்ணீர் புகுந்து விழித்திரை கழன்று வருகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். அந்தக் காலத்துத் திடலில் படத்துணியின் கயிறு ஒரு மூலையில் அவிழ்ந்தால் என்ன ஆகும்? அதேதான். நடுப்பார்வை கெடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் பார்வை பெரும்பாலும் மிஞ்சும். நடுப்பகுதியும் கழன்றுவிட்டால் அறுவை செய்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். இதில் மணிக்கணக்குக்கூட முக்கியம்.

மூன்றாவது, நகராத புள்ளி. பார்க்கிற இடத்தின் நட்டநடுவில் மங்கலாக ஒரு திட்டு. எதிரே நிற்பவரின் முகம் மறைந்து காது மட்டும் தெரிகிறது. கதவு நிலை வளைந்து தெரிகிறது. விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு என்பதற்கு இது அடையாளம். இதையும் தள்ளிப்போடாமல் சில நாளைக்குள் காட்டியாக வேண்டும்.

நான்காவது, பளபளவென்று வளைந்து நெளிந்து பெரிதாகி, இருபது முப்பது நிமிடத்தில் மறைந்துபோகும் ஒளி. பிறகு ஒற்றைத் தலைவலி வரலாம், வராமலும் போகலாம். இது பெரும்பாலும் தலைவலி சம்பந்தப்பட்டது, கண்ணைக் கெடுக்காது. ஆனால் முதல் தடவை வந்தால் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும். கூடவே கை கால் மரத்துப்போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 999-க்கு அழைக்க வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. விழித்திரை கிழிந்தால் வலிக்காது. கண் சிவக்காது, தண்ணீர் வடியாது. "வலியே இல்லையே, என்ன அவசரம்?" என்று கேட்காதீர்கள். பல்வலி வந்தால் விடியுமுன் ஓடுகிறோம். வலிக்காத ஒரே காரணத்தால் கண்ணைக் காக்க வைக்கலாமா?

காலண்டரைப் பாருங்கள், ஒற்றைக் கண்ணால்

நல்ல கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது. 1660-களில் மரியொத் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நமக்கு அது தெரியாமலிருப்பதற்குக் காரணம், ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் மறைத்துவிடுவதுதான். இந்த ஏற்பாடு நமக்கு நன்மை. ஆனால் ஆபத்தும் இதிலேதான் இருக்கிறது. ஒரு கண் பாதி போன பிறகும் மற்றக் கண் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். நமக்குச் சேதி வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும்.

எனவே வாரத்தில் ஒரு நாள் இதைச் செய்யுங்கள். கடைக்காரர் கொடுத்த காலண்டர் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதில் கட்டம் கட்டமாகத் தேதிகள் இருக்கும். படிக்கக் கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, நடுவிலுள்ள ஒரு தேதியையே பாருங்கள். கோடுகள் நேராக இருக்கின்றனவா? எந்தக் கட்டமாவது மறைந்திருக்கிறதா? பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள். காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை. மருத்துவரின் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் "ஏதோ மாறியிருக்கிறது" என்பதை இது நமக்குச் சொல்லிவிடும்.

கிழிந்ததைப் பற்றவைக்க முடியும்

"கண்ணு போனா போனதுதான், டாக்டர் என்ன செய்யப் போறார்?" என்று சிலர் சொல்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அது உண்மை. விழித்திரை கழன்றவரைப் படுக்கையில் அசையாமல் கிடத்தி வைப்பதைத் தவிர அன்று பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து மருத்துவர் ழூல் கொனான்தான் 1920-ஆம் ஆண்டு வாக்கில், விழித்திரையில் விழும் ஓட்டையே எல்லாவற்றுக்கும் காரணம், அந்த ஓட்டையை அடைத்தால் கண் பிழைக்கும் என்று செய்து காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் வியப்பானது. 1945 ஜூலையில் ஐரோப்பாவில் சூரிய கிரகணம். அதை வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கு விழித்திரையில் சூடுபட்டு, நடுப்பார்வையில் புள்ளி விழுந்தது. அப்படிப்பட்ட தழும்பைப் பார்த்த ஜெர்மன் மருத்துவர் மையர் ஷ்விக்கராத், 'கண்ணைச் சுட்ட ஒளியைக் கொண்டே கிழிசலைப் பற்றவைக்க முடியாதா?' என்று யோசித்தார். ஒளியால் விழித்திரையை ஒட்டும் வைத்தியம் அப்படித்தான் பிறந்தது. செந்தூல் ரயில்வே பட்டறையில் அந்நாளில் வேலை செய்தவர்கள், தகட்டில் விரிசலைச் சுற்றிப் பற்றவைத்தால் அது மேலும் ஓடாது என்று சொல்வார்கள். இன்று லேசர் செய்வதும் அதே வேலைதான். கிழிசல் மட்டும் இருக்கும்போது போனால், படுக்கையில் சேர்க்காமலே பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கழன்ற பிறகு போனால் பெரிய அறுவை, நாள்கணக்கில் குப்புறப் படுக்கை, வாரக்கணக்கில் ஓய்வு. வித்தியாசம் எங்கே இருக்கிறது? நாம் எந்த நாளில் போய் நிற்கிறோம் என்பதில்தான்.

(கிரகணம் என்றதும் ஒரு வார்த்தை. 2019 டிசம்பர் 26 அன்று நம் நாட்டிலும் சூரிய கிரகணம் தெரிந்தது. இனி வரும்போதும் பிள்ளைகளை வெறுங்கண்ணால் பார்க்க விடாதீர்கள். அந்தப் புள்ளி ஆயுளுக்கும் நிற்கலாம்.)

பிரிட்டனின் பிரதமராக 2007 முதல் 2010 வரை இருந்தவர் கோர்டன் பிரவுன். பள்ளி மாணவராக இருந்தபோது பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு விழித்திரை கழன்றது. பல அறுவைகள் செய்தும் இடது கண் போய்விட்டது. சில ஆண்டுகள் கழித்து வலது கண்ணிலும் அதே அறிகுறி தெரிந்தபோது அறுவை செய்து அந்தக் கண்ணைக் காப்பாற்றினார்கள். ஒரு கண் போன பாடம் மறு கண்ணைக் காத்தது. நமக்கு அந்தப் பாடம் ஒரு கண்ணை விலையாகக் கொடுக்காமலே கிடைக்கட்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் புள்ளி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

நம் இனத்துக்கு இது தனிக் கவலை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர்! லயத்தில் வரிசையாக நம் வீடுகள் மூன்று இருந்தால், பெரியவர்களில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனிப்பு நீர் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களை அரிக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பார்வை நன்றாகவே இருக்கும். பிறகு ஒரு நாள், உள்ளே இரத்தம் கசிந்து, சிலந்தி வலை போல, கறுப்பு நூல் போல மிதக்கும். அன்றைக்குத்தான் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று அழுகிறோம். நேற்று நன்றாக இல்லை. நேற்று நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இனிப்பு நீர் உள்ள ஒவ்வொருவரும், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் உட்பகுதியைப் படமெடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கப் போகும்போதே, "டாக்டர், என் கண்ணைப் படம் பிடிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட்.

வேலையில் கண்ணில் அடிபட்டால்

செம்பனை வெட்டுகிறவர்களுக்கு மேலிருந்து முள்ளும் தூசியும் உதிர்ப்பழமும் மட்டையும் விழுகின்றன. பால்மரத்தில் பட்டைச் சில்லும் பாலும் கண்ணில் தெறிக்கின்றன. மருந்து அடிக்கிறவர்களுக்கு விஷத் துளி. பரக்குவாட் மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் மற்ற களைக்கொல்லிகள் இருக்கத்தான் செய்கின்றன.

பாலோ மருந்தோ பட்டால் உடனே, அங்கேயே, சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். முள் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கசக்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது, பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை வாங்கி விடுவது எல்லாம் வேண்டாம். அன்பினால் செய்கிறோம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முள் குத்திய கண்ணில் கிருமியும் பூஞ்சையும் புகுந்துவிடும். சிலவகைச் சொட்டு மருந்து அதை இன்னும் வளர்த்துவிடும். கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுவது பல சமயம் இப்படித்தான்.

அடிபட்ட கண் இரண்டு நாளில் ஆறிவிட்டது போல இருக்கும். வாரங்கள் கழித்துப் புள்ளியும் மின்னலும் வரலாம். அப்போது "முன்னே மட்டை விழுந்த கண்ணு இது" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதற்காகத்தான் எவ்வளவு சின்ன அடியானாலும் அன்றே மண்டோரிடம் சொல்லி, ஆபீசில் எழுதி வைக்க வேண்டும். வேலை விபத்தைத் தெரிந்துகொண்ட 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து நிரையில் குலை வெட்டும் இந்தோனேசியத் தம்பிக்கும் வங்காளத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுடைய கண்ணும் கண்தானே?

65 ரிங்கிட்டும் ஒரு கண்ணும்

இப்போது உண்மையான தடைக்கு வருவோம். தொழிலாளி ஏன் போவதில்லை? "போனா ஒரு நாள் சம்பளம் போச்சு." இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். 2025-ஆம் ஆண்டு உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட். அரிசியும் பள்ளி வேன் காசும் அந்த 65-க்குள்தான் இருக்கின்றன. வசதியுள்ளவருக்கு அது ஒரு சாப்பாட்டுச் செலவு. நமக்கு அப்படி இல்லை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறையில் இதிலே ஒரு ஓட்டை இருக்கிறது. கண் சோதனைக்குப் போனால் சில இடங்களில் எம்.சி. கொடுக்காமல் நேரச் சீட்டு மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். கண்மணியை விரிக்க மருந்து விட்டுத்தான் உள்ளே பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நாலைந்து மணி நேரம் எல்லாம் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும். அந்தக் கண்ணோடு மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியுமா? உளி பிடிக்க முடியுமா? குலை வெட்ட முடியுமா? ஆகவே மருத்துவரிடம் உங்கள் வேலை என்ன என்று தெளிவாகச் சொல்லுங்கள். "நான் பால்மரம் வெட்டுறேன், கத்தி பிடிக்கிற வேலை" என்று சொன்னால் அவருக்குப் புரியும். போகும்போது கூட ஓர் ஆளை அழைத்துப் போங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. தோட்ட மருந்தகத்திலிருந்து கண்ணுக்காக ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் நாளை, நேரச் சீட்டு என்று தட்டிக் கழிக்காமல் சம்பள நாளாக எண்ண வேண்டும். திடீர்ப் புள்ளி, மின்னல், திரை என்று ஒருவர் சொன்னால் அதை அவசரமாகக் கருதி அன்றைக்கே வண்டி கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தோட்டத்துக்கே கண் சோதனைக் குழுவை வரவழைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, கண் தெரியாமல் ஏணியில் தடுக்கி விழும் ஒரு தொழிலாளியின் செலவை விடக் குறைவுதான். மருந்தக டிரெஸ்ஸர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "கண்ணுல புள்ளி" என்று ஒருவர் வந்து நின்றால் வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். எப்போது வந்தது, மின்னல் உண்டா, திரை உண்டா, இனிப்பு நீர் உண்டா, அடிபட்டதா என்ற ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

செந்தூல் பிள்ளைகளுக்கு ஒரு சொல்

தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்துக்கு வந்து, செந்தூலிலும் அதன் சுற்றுப்புற அடுக்குமாடிகளிலும் குடியிருக்கும் நம் பிள்ளைகள் ஏராளம். அம்மா அப்பா இன்னும் தோட்டத்தில் இருப்பார்கள், அல்லது ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு வந்து இருப்பார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளிடம் எதைச் சொல்வார்கள், எதை மறைப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா? "பாவம், அவனே வேலைக்கு ஓடிக்கிட்டு இருக்கான், நாம வேற ஏன்?" என்று புள்ளியை மறைப்பார்கள். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது கை தவறினால், படியில் கால் தடுமாறினால், டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டால் நீங்களே கேளுங்கள்: "அம்மா, கண்ணு எப்படி இருக்கு? ஒரு கண்ணை மூடிப் பாருங்க."

செந்தூலில் இருப்பவர்களுக்குத் தூரம் ஒரு சாக்கு ஆகாது. பஹாங் சாலையில் உள்ள கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இருக்கிறது. 2023 மார்ச்சில் ஓடத் தொடங்கிய ரயிலில் செந்தூல் பாராட்டில் ஏறினால், தித்திவங்சாவுக்கு அடுத்த நிலையமே ஆஸ்பத்திரி. கேரித் தீவு, காப்பார் பக்கம் உள்ளவர்களுக்குக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி. பெட்டாலிங் ஜெயாவில் 1986-இல் திறக்கப்பட்ட துன் ஹுசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை இருக்கிறது.

சிலர் "ஊருக்குப் போறப்போ மதுரையில பார்த்துக்கலாம், சென்னையில பார்த்துக்கலாம்" என்கிறார்கள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையும், சென்னையில் டாக்டர் பத்ரிநாத் 1978-இல் நிறுவிய சங்கர நேத்ராலயாவும் உலகப் புகழ் பெற்றவை. அதில் சந்தேகமில்லை. ஆனால் கழன்று வரும் விழித்திரை விமான டிக்கெட் மலிவாகும்வரை காத்திருக்காது. தீபாவளி முடியட்டும் என்றும் காத்திருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் வெள்ளைக் கோலோடு நடக்கும் நம் சகோதரர்களைப் பார்த்திருப்பீர்கள். 1951-இல் உருவான மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வை போனாலும் வாழ்க்கை போய்விடுவதில்லை என்று தொழில் கற்று, சம்பாதித்து, தலை நிமிர்ந்து நடக்கிறார்கள். அவர்களுக்கு நமது மரியாதை. ஆனால் தடுத்திருக்கக்கூடிய இருட்டை, 65 ரிங்கிட்டுக்குப் பயந்து நாமே வீட்டுக்கு அழைத்து வருவது வேறு விஷயம்.

கவலைப்படுவதில் குற்றமில்லை. கண் மேல் கவலை இல்லாதவன் யார்? ஆனால் அந்தக் கவலை உங்களைப் படுக்கையில் புரள வைக்காமல், கையைப் பிடித்து கிளினிக் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். "ஒண்ணுமில்ல" என்று மருத்துவர் சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வாருங்கள். அதைக் கேட்பதற்காக ஒரு நாள் போனால் அது வீண் நாள் ஆகாது. இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாத அக்கம்பக்கத்தாருக்கு வாசித்துக் காட்டுங்கள். இன்றிரவே ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.